தரவையை வளைக்கும் வேலி

யாழ்ப்பாணத்து நீதிமன்றங்களிலே எல்லை வழக்குகளுக்கு என்றும் தனியிடம் இருந்து வந்துள்ளது. பிணக்கு ஒரு முழ நிலத்தைப் பற்றியதாகவே இருக்கும். இரவோடிரவாகக் கதியால் நகர்ந்துவிட்டது என்பார் ஒருவர். பாட்டன் நாட்டிய இடத்திலேயே அது இன்றும் நிற்கின்றது என்பார் மற்றவர். இறுதியில் உறுதியை எடுத்து வாசிப்பார்கள். அது போதாவிடில் அதற்கு முந்திய உறுதியை வாசிப்பார்கள். புதிய உறுதியிலே எல்லைகள் எத்துணை அகலமாக எழுதப்பட்டிருப்பினும், ஊர் மாடுகள் காலங்காலமாக மேய்ந்துவந்த பொதுத் தரவையை அவ்வெழுத்து ஒருவனுக்குச் சொந்தமாக்கிவிடாது. இது படிக்காதவனும் அறிந்த நியாயம்.

இதே நியாயம் இயந்திரங்களின் உலகிலும் செல்லவேண்டும் என்பதே நமது வாதம். அங்கே வேலி கதியாலால் ஆனதன்று, சொற்களால் ஆனது. பேற்றன்ற் என்று வழக்கிற் சொல்லப்படும் ஆக்கவுரிமைப் பத்திரம், ஒரு கண்டுபிடிப்பைக் குறித்த காலம்வரை பிறர் செய்யவோ பயன்படுத்தவோ விற்கவோ விடாது தடுக்கும் அதிகாரத்தை ஒருவர் கையிற் கொடுக்கின்றது. அப்பத்திரத்திலே எண்ணிடப்பட்ட சில வாக்கியங்கள் இருக்கும். அவை உரிமைக்கூற்றுகள். வேலி நாட்டப்படுவது அவ்வாக்கியங்களிலேதான். விண்ணப்பம் செய்யப்படுவதற்கு முன்னரே உலகில் இருந்த கருவிகள், அச்சேறிய நூல்கள், பழைய பத்திரங்கள், பலரறியக் கையாளப்பட்ட முறைகள் ஆகிய அனைத்தையும் ஒருங்கே முன்னறிவு என்று கூறுவோம். அதுவே தரவை. உரிமைக்கூற்றை முன்னறிவோடு ஒப்பவைத்து வாசித்தாலன்றி, வேலி எங்கே நிற்கின்றது என்பதை எவரும் சொல்லமுடியாது.

‘இது சட்டத்தரணிகளும் பொறியியலாளரும் பேசவேண்டிய விடயம், இலக்கியச் சஞ்சிகைக்கு இங்கே என்ன வேலை?’ என்று நண்பர் சிலர் கேட்கக்கூடும். சொல்லுக்குப் பொருள் காண்பது இலக்கியம் படிப்போனின் வேலையன்றி வேறு யாருடைய வேலை? உரிமைக்கூற்று ஒரு சூத்திரம். சில சொற்களில் பல பொருளை அடக்க முயல்வது அது. சூத்திரத்துக்கு உரை வேண்டும். உரைகாரனுக்கு ஒரு பக்கச் சாய்வு இருக்கும். அந்தச் சாய்வு கோடிக்கணக்கான பணத்தையும், ஆயிரக்கணக்கான தொழிலாளரின் வேலையையும், கடையிலே பாலும் மாவும் வாங்கும் மக்களின் செலவையும் பாதிக்குமாயின், உரைகாரனின் முறையைக் கேள்விக்கு உட்படுத்துவது நமது கடமையாகும்.

நாம் எதிர்க்கும் கருத்தை முதலில் நேர்மையாக எடுத்துரைப்போம். ‘ஒவ்வொரு இயந்திரமும் ஒரு தனிமனித மேதையின் மூளையிற் பிறக்கின்றது, அம்மூளைக்கு உரிய கூலியே ஆக்கவுரிமை, அதன் எல்லையை நிபுணர்கள் நடுநிலையாக அளந்து சொல்வர்’ என்பதே அக்கருத்து. இக்கூற்றிலே ஒரு பாதி பொய். மறுபாதி, நாம் விழிப்போடு இருந்தால் மட்டுமே மெய்யாகக்கூடியது. இதனைக் காட்டுவதற்குப் பொதியிடும் இயந்திரங்களின் வரலாற்றைவிடச் சிறந்த களம் கிடைப்பதரிது. விமானத்தையும் மருந்தையும் பற்றிப் பேசுவோர் பலர். பையையும் பெட்டியையும் பற்றிப் பேசுவோர் இல்லை. எனினும், விளைந்த பொருள் எதுவாயினும் பொதியாகியே சந்தைக்குப் போகின்றது. பொதியைக் கட்டும் பொறியை ஆள்பவன் சந்தைக்குச் செல்லும் பாதையிலே ஆயம் வசூலிப்பவனாகின்றான்.

கடதாசிப் பையை எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்துப் பெத்லகேம் நகரிலே ஆசிரியராகவும் சமயப் பணியாளராகவும் இருந்த பிரான்சிஸ் வொலே என்பவர் 1852இல் பை செய்யும் இயந்திரமொன்றுக்குப் பத்திரம் பெற்றார். அதன்பின் வில்லியம் குடேல் என்பவரின் இயந்திரம் வந்தது. 1871இல் மார்கரெட் நைற் என்ற பெண், அடி தட்டையாக அமையும் பைகளைச் செய்யும் இயந்திரத்துக்குப் பத்திரம் பெற்றார். 1883இல் சார்ள்ஸ் ஸ்ரில்வெல், பக்கங்கள் மடிந்து தட்டையாய் அடுக்கக்கூடியதும் உதறியவுடன் திறந்து நிற்பதுமான பையைச் செய்யும் இயந்திரத்தைக் கொண்டுவந்தார். 1896இல் வில்லியம் லிடெல் மற்றுமொரு திருத்தத்தைச் செய்தார். நாற்பத்து நான்கு ஆண்டுகளில் ஐந்து பெயர்கள். இவர்களிடையே நின்று உருளையை உருட்டியும், பசையைக் காய்ச்சியும், சிக்கிய கடதாசியை விரலால் இழுத்தும், எங்கே பொறி பிழைக்கின்றது என்று கண்டு சொல்லியும் வந்த தொழிலாளரின் பெயர்கள் எத்தனை? அவை எந்தப் பத்திரத்திலும் இல்லை. ஒரு பையின் மடிப்பினுள்ளே ஒரு தலைமுறையின் உழைப்பு மடிந்து கிடக்கின்றது. அந்த மடிப்பு முழுவதும் தனதே என்று கடைசியாக வந்தவன் கூறுவானாயின், அதனை நாம் எப்படி ஏற்பது?

மார்கரெட் நைற்றின் கதையை எதிர்த்தரப்பினர் விரும்பிச் சொல்வர். நாமும் சொல்வோம், ஆனால் முழுமையாகச் சொல்வோம். 1838இல் பிறந்த அவர் சிறுவயதிலேயே பருத்தி ஆலைக்கு வேலைக்குப் போனவர். பின்னர் மசச்சூசெற்ஸ் மாநிலத்து ஸ்பிறிங்பீல்ட் நகரிலே கடதாசிப் பைத் தொழிற்சாலையொன்றில் உழைத்தார். தட்டையான அடியுடைய பைகளைக் கையாலேயே மடித்து ஒட்டவேண்டியிருந்த காலம் அது. அவர் வரைந்தும், மரத்தால் மாதிரி செய்தும், பல மாதம் முயன்று அம்மடிப்பைப் பொறிக்குக் கற்பித்தார். இரும்பு மாதிரி செய்யப்பட்ட பட்டறையிலே அதனைப் பார்த்த சார்ள்ஸ் ஆனன் என்பவர் தாமே அதற்குப் பத்திரம் பெற முற்பட்டார். நைற் வழக்காடினார். தமது வரைபடங்களையும் குறிப்புகளையும் மாதிரிகளையும் சாட்சிகளையும் கொண்டுவந்து நிறுத்தினார், வென்றார்.

இவ்வெற்றி நமக்குக் கற்பிப்பது யாது? மேதைக்குக் கூலி கிடைத்தது என்று எதிர்த்தரப்பினர் முடிப்பர். நாம் வேறொன்றைக் காண்கின்றோம். யார் எதனை எப்போது செய்தார் என்ற கேள்வி உண்மையாகவே கேட்கப்பட்டமையால் உழைத்தவள் வென்றாள். ஒருவர் கையில் இருந்த எழுத்து, மற்றவர் கையில் இருந்த கடந்தகாலத்தோடு ஒப்பவைத்துப் பார்க்கப்பட்டது. கடந்தகாலம் பேச அனுமதிக்கப்பட்ட இடத்திலே ஆலைத் தொழிலாளியாலும் வெல்லமுடிந்தது. இனி, கடந்தகாலத்தின் வாயை அடைக்கும் கலையைப் பார்ப்போம்.

அக்கலையின் பெயர் இரட்டை உரை. உரிமைக்கூற்று ஒன்றே, அதற்குச் சொல்லப்படும் பொருள் இரண்டு. ‘உன் பத்திரத்தில் உள்ளது பழைய இயந்திரத்திலும் உள்ளதே’ என்று எவரேனும் கூறினால், உரிமையாளன் சொற்களைச் சுருக்குவான்: ‘நான் கூறும் தகடு அந்தத் தகடன்று, என் தகடு குறித்த ஒரு முறையில் மட்டுமே அசைவது’ என்பான். அடுத்த நாளே போட்டியாளன் மீது வழக்குத் தொடுக்கும்போது அதே சொற்களை விரிப்பான்: ‘தகடு என்றால் எந்தத் தகடும், அசைவு என்றால் எந்த அசைவும், ஆகவே நீ என் வேலிக்குள் நிற்கின்றாய்’ என்பான். தற்காப்புக்குக் குன்றக் கூறல், தாக்குதலுக்கு மிகைபடக் கூறல். நன்னூல் படித்த மாணவனுக்கு இவ்விரண்டும் குற்றம் என்பது தெரியும். செய்யுளிலே தொலைவில் கிடக்கும் சொற்களை மாட்டு என்ற பெயராற் கொண்டுவந்து இணைத்துத் தாம் கருதிய பொருளை நச்சினார்க்கினியர் கண்டார் என்று அவரைக் குறைகூறுவோர் உளர். அவ்வுரையால் எவருடைய அடுப்பும் அணைந்ததில்லை. ஆக்கவுரிமை வழக்கின் உரைகாரன் சொற்களை மாட்டும்போது ஒரு பட்டறை மூடப்படுகின்றது.

சட்டமும் இதனை அறியாததன்று. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1886இல் விசாரித்த வழக்கொன்று பொதியிடலைப் பற்றியதே. இறாலைத் தகரப் பேணியில் அடைத்துக் கெடாமற் காக்கும் முறைக்கு டன்பார் என்பவர்கள் பத்திரம் பெற்றிருந்தனர். முதற் பத்திரம் இறாலை நெசவுத்துணிப் பையில் இட்டுப் பேணியினுள் வைப்பதைக் குறித்தது. பத்திரத்தை மறுபடி வெளியிடச் செய்தபோது அந்தத் துணிப்பை பொதுவான உறைப்பொருளாக விரிந்துவிட்டது. நீதிமன்றம் அதனை ஏற்க மறுத்தது. மெழுகினாற் செய்த மூக்கைப் போல வேண்டிய பக்கமெல்லாம் திருப்புவதற்கு உரிமைக்கூற்று இடந்தராது என்ற கருத்தை அத்தீர்ப்பு நிலைநாட்டியது. மூன்றாண்டின் பின் 1889இல் அதே நீதிமன்றம் இன்னொரு வழக்கிலே எளியதோர் அளவுகோலைத் தந்தது. பின்னே வந்தால் எது மீறலாகுமோ, அது முன்னே இருந்திருந்தால் பத்திரத்தையே அழித்திருக்கும் என்பது அதன் சாரம். வேலியை ஒரு பக்கம் அகலமாகவும் மறுபக்கம் ஒடுக்கமாகவும் அளக்கமுடியாது என்பதே இதன் பொருள். பிரித்தானியப் பிரபுக்கள் சபையில் 1913இல் மோல்ற்றன் பிரபு இதே நியாயத்தை எதிராளியின் கையில் ஓர் ஆயுதமாகக் கொடுத்தார். சவர அலகு பற்றிய அவ்வழக்கின் பின், ‘நான் செய்வது பழையது, உன் சொற்களுக்கு எப்பொருள் கொண்டாலும் எனக்குக் கவலையில்லை’ என்று கூறி நிற்க ஒருவனால் முடிந்தது. ஏனெனில், அப்பழையதைப் பத்திரம் உள்ளடக்குமாயின் பத்திரம் செல்லாது. உள்ளடக்காதாயின் மீறல் இல்லை.

ஆயினும் சொல்லின் வழியே மட்டும் நடந்தால் மறுபக்கத்தில் வேறோர் அநீதி விளையும். நைற்றைப் போன்ற ஒருத்தி வரைந்த பொறியிலே ஓர் ஆணியை மட்டும் மாற்றிவிட்டு ‘இது வேறு’ என்று பெருமுதலாளி கூறிவிடலாம் அல்லவா? எனவே நீதிமன்றங்கள் ஒப்புமைக் கோட்பாடு ஒன்றை வளர்த்தன. குடேலின் பை இயந்திரத்தைப் பற்றிய யூனியன் பேப்பர் பாக் மெஷின் கம்பனியின் வழக்கு 1877ஆம் ஆண்டுத் தவணையிலே அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. இரு கருவிகள் ஒரே வேலையை ஏறத்தாழ ஒரே வழியில் ஆற்றி ஒரே பயனைத் தருமாயின், பெயராலும் உருவாலும் வேறுபட்டாலும் அவை ஒன்றே என்று நீதிமன்றம் கொண்டது. கோட்பாடு நல்லதே. ஆனால் ஒப்புமை என்ற கயிற்றை எவ்வளவு நீளம் விடுவது? இக்கேள்விக்கு விடை சொல்லக்கூடியது முன்னறிவு ஒன்றே. தரவையிலிருந்து நீ எவ்வளவு தூரம் நடந்து புது நிலம் கண்டாயோ, அவ்வளவுக்கே உன் சொல் விரியலாம். ஓரடி மட்டும் நடந்தவன் ஒரு காத தூரத்தை வளைக்கமுடியாது.

இங்கேதான் லிடெலின் பத்திரம் வருகின்றது. 1896 ஏப்ரல் 28இல் வழங்கப்பட்ட அப்பத்திரத்தின் முதல் உரிமைக்கூற்று பல உறுப்புகளின் சேர்க்கையைக் கூறுகின்றது: சுழலும் உருளை, பக்கங்களை மடிக்கும் விரல்கள், பையின் அடியைத் திறந்து உருவாக்கும் தகடு, உருளை சுழன்றுகொண்டிருக்கும்போதே அத்தகட்டை அதன் பின்விளிம்பைப் பற்றி ஆடச்செய்யும் பொறியமைப்பு, அதனை மீண்டும் பழைய நிலைக்குக் கொண்டுவரும் விசை. ஈஸ்ரேன் பேப்பர் பாக் கம்பனி இப்பத்திரத்தை வைத்திருந்தது. கொன்ரினென்ரல் பேப்பர் பாக் கம்பனி மீது அது வழக்குத் தொடுத்தது. எதிராளியின் இயந்திரத்திலும் தகடு ஆடியது. ஆனால் அதனை ஆட்டிய உறுப்புகளின் அமைப்பு வேறு. சுழலும் உருளையின்மேல் தகட்டை இவ்வாறு ஆடச்செய்வதே லிடெலின் கண்டுபிடிப்பின் உயிர் என்றும், அது முன்னறிவில் இல்லை என்றும் நீதிமன்றங்கள் கண்டன. ஆகவே உரிமைக்கூற்று விரிவாக வாசிக்கப்பட்டது, எதிராளி மீறியவனானான். 1908இல் உச்ச நீதிமன்றம் இதனை உறுதிசெய்தது.

இதுவரையிலும் நாம் குறைகூறுவதற்கு அதிகமில்லை. நடந்த தூரத்துக்கேற்ப நிலம் கொடுக்கப்பட்டது. ஆனால் வழக்கின் மறுபாதியைப் பாருங்கள். வேலி போட்டவன் அந்நிலத்திலே ஒரு பிடி நெல்லும் விதைக்கவில்லை! ஈஸ்ரேன் கம்பனி லிடெலின் இயந்திரத்தை உபயோகத்திற் கொண்டுவரவேயில்லை. தன் பழைய இயந்திரங்களே தனக்குப் போதும்; புதியது பிறர் கைக்குப் போகாதிருந்தாற் சரி. கீழ் நீதிமன்றமே, பொதுவாகத் தம் தொழிலைக் காத்துப் போட்டியாளரைப் புறத்தே நிறுத்துவதற்காகப் பத்திரங்களைச் சேர்த்துவைக்கும் உற்பத்தியாளர் கூட்டத்தோடு இக்கம்பனியைச் சேர்த்துப் பேசியது. இருந்தும் உச்ச நீதிமன்றம், பிறரைத் தடுக்கும் உரிமையே ஆக்கவுரிமையின் சாரம், பயன்படுத்தாமை அவ்வுரிமையைக் கெடுக்காது என்று கூறித் தடையுத்தரவை நிலைநிறுத்தியது. நீதியரசர் ஹார்லன் மட்டும், பொதுநலனுக்கு மாறான இத்தகைய மனுவுக்கு நீதிமன்றம் துணைபோகக் கூடாதென்று மாறுபட்டு நின்றார். மார்கரெட் நைற் பங்காளியாக நின்று தொடங்கிய கம்பனியின் பெயரும் ஈஸ்ரேன் பேப்பர் பாக் கம்பனி என்பதை நினைக்கும்போது வரலாற்றின் ஏளனம் நம் நெஞ்சைச் சுடுகின்றது. ஒரு தொழிலாளியின் சான்றாகத் தொடங்கிய சொல், ஒரு தலைமுறை கழிவதற்குள் அதே பெயரின் நிழலிலே உற்பத்தியைப் பூட்டிவைக்கும் பூட்டாகிவிட்டது. தடையுத்தரவு தானாகவே கிடைத்துவிடும் என்ற வழக்கத்தை அமெரிக்க உச்ச நீதிமன்றம் தளர்த்துவதற்கு 2006ஆம் ஆண்டுவரை செல்லவேண்டியிருந்தது.

முன்னறிவை உண்மையாகவே எதிரே நிறுத்தினால் என்ன நடக்கும் என்பதற்கு 1966ஆம் ஆண்டுத் தீர்ப்பொன்று சான்று. இது இயந்திரத்தைப் பற்றியதன்று. பொதியின் உறுப்பொன்றைப் பற்றியது. பூச்சிமருந்துப் போத்தல்களோடு விரலால் அழுத்தித் தெளிக்கும் கருவியையும் பூட்டி அனுப்பினால் வழியிலே கசிந்தது, உடைந்தது. ஸ்கொகின் என்பவர் தெளிகருவியை அழுத்திப்பிடிக்கும் மேல்மூடி ஒன்றை அமைத்து 1959இல் பத்திரம் பெற்றார். குக் கெமிக்கல் கம்பனி அதற்கு உரிமை கொண்டாடியது. கல்மார் கம்பனி எதிர்த்தது. பொருள் சந்தையில் வென்றது, நெடுநாள் தேவையைத் தீர்த்தது என்று உரிமைத் தரப்பினர் கூறியவை பொய்யல்ல. ஆனால் நீதிமன்றம் பத்திரம் பிறந்த கதையைத் திறந்து பார்த்தது. பரிசோதகர் பழைய பத்திரங்களைக் காட்டிப் பலமுறை மறுத்தபோது, விண்ணப்பதாரர் தமது கூற்றை, கசிவை அடைக்கும் வளைய விளிம்பு, மூடிக்கும் கழுத்துக்கும் இடையிலான சிறு இடைவெளி ஆகிய நுண்ணிய அம்சங்களாகச் சுருக்கியிருந்தார். பத்திரம் பெறுவதற்காகச் சுருங்கியவர், பெற்றபின் விரியமுடியாது என்றது நீதிமன்றம். சுருங்கிய அந்த அம்சங்களோ பழைய ஊற்றுமூடி ஒன்றில் ஏறத்தாழ அப்படியே இருந்தன. ‘அது ஊற்றும் மூடி, இது தெளிக்கும் மூடி’ என்ற சாக்கும் எடுபடவில்லை. இரண்டிடத்தும் பிரச்சினை ஒன்றே: போத்தலைக் கசியாமல் மூடுவது. பத்திரம் வீழ்ந்தது.

ஆகவே முறை இருக்கின்றது, அளவுகோலும் இருக்கின்றது. பின் ஏன் நாம் கோபப்படுகின்றோம்? அளவுகோலைக் கையில் எடுப்பதற்கு ஆகும் செலவை யார் தாங்குவது என்பதற்காகவே. பத்திரம் செல்லாது என்று நிறுவும் பாரம் எதிர்ப்பவன் தலையிலே சுமத்தப்படுகின்றது. பழைய பத்திரங்களைப் பல மொழிகளிலே தேடவேண்டும், நிபுணரைக் கொண்டுவரவேண்டும், ஆண்டுக்கணக்கில் வழக்காடவேண்டும். கல்மாருக்கு அது முடிந்தது. நாலைந்து பேர் வேலைசெய்யும் பட்டறைக்கு முடியுமா? அவனுக்கு ஒரு சட்டத்தரணியின் கடிதம் போதும், கதவை மூடிவிடுவான். அங்கே உரிமைக்கூற்றை எவரும் வாசிப்பதேயில்லை. வாசிக்கப்படாத வேலி எப்போதும் உண்மையான வேலியைவிட அகலமானது.

இதனினும் ஆழமான அநீதி ஒன்றுண்டு. தரவையிலே எது தரவையாகக் கணிக்கப்படுகின்றது? 2013ஆம் ஆண்டுவரை அமெரிக்கச் சட்டத்தின்படி, பிற நாடுகளிலே மக்கள் அறிந்தும் கையாண்டும் வந்தவை, பத்திரமாகவோ அச்சேறிய எழுத்தாகவோ இல்லாவிடில் முன்னறிவாகா. கையறிவு அறிவாகாதாம், காகிதமே அறிவாம்! மஞ்சளாற் புண்ணை ஆற்றும் முறைக்கு அமெரிக்காவில் வழங்கப்பட்ட பத்திரத்தை 1997இல் இரத்துச் செய்விப்பதற்கு, ஒவ்வொரு பாட்டியும் அறிந்த அவ்வுண்மைக்கு இந்திய விஞ்ஞானிகள் பழைய நூல்களை எடுத்துக் காட்டவேண்டியிருந்தது. பொதியிடும் இயந்திரத்தின் அருகே நிற்கும் தொழிலாளியின் நிலையும் இதுவே. தகடு சிக்காதிருக்க அவன் வைத்த ஆப்பு, பசை வழியாதிருக்க அவன் மாற்றிய கோணம் முதலியன ஒரு தொழிற்சாலைச் சுவருக்குள்ளேயே கிடந்து மறைகின்றன. நாளை அவற்றைப் பொறியியற் பிரிவு சீராக வரைந்து பத்திரமாக்கினால், அவன் முன்னறிவாகவும் கணிக்கப்படான், கண்டுபிடித்தவனாகவும் கணிக்கப்படான்.

சுவீடன் நாட்டிலே பிறந்த ரெற்றா பாக் பாற்பெட்டியின் கதை இதற்கு நல்ல உதாரணம். நாற்பக்கக் கூம்பு வடிவான அப்பொதியின் எண்ணத்தை 1944இல் கண்டவர் எரிக் வாலன்பேர்க் என்ற ஆய்வுகூட ஊழியர். பத்திரமோ முதலாளி ரூபன் றவுசிங்கின் பெயரிலே விண்ணப்பிக்கப்பட்டது. வாலன்பேர்க்கின் பங்கு பகிரங்கமாக மதிக்கப்படுவதற்குப் பல பத்தாண்டுகள் சென்றன. கடதாசிக் குழாயிலே பால் தொடர்ந்து இறங்கிக்கொண்டிருக்க, பாலுக்கு ஊடாகவே குழாயை அழுத்தி மூடும் உபாயத்தை றவுசிங்கின் மனைவி எலிசபெத், இறைச்சிக் குழல் அடைக்கும் முறையை நினைந்து கூறினார் என்று அக்கம்பனியின் வரலாற்றிலேயே சொல்லப்படுகின்றது. சமையலறையின் பழைய அறிவும் சம்பளத் தொழிலாளியின் புதிய எண்ணமும் கூடிப் பெற்ற பிள்ளை அது. பின்னாளில் அதே கம்பனி, கிருமிநீக்கிப் பொதியிடும் வேறொரு முறைக்கான தனியுரிமை அனுமதியைத் தன்வசம் வைத்திருந்த இன்னொரு கம்பனியையே வாங்கியது. அதனால் போட்டிக்கான வழி அடைபட்டது என்று ஐரோப்பிய ஆணைக்குழு 1988இல் கண்டித்தது. நீதிமன்றம் 1990இல் அதனை உறுதிசெய்தது. 1908இல் அமெரிக்கா பூட்டைக் காத்தது. 1990இல் ஐரோப்பா பூட்டைக் கேள்வி கேட்டது. இடையிலே மாறியது இயந்திரமன்று. கேள்வி கேட்கும் துணிவு.

நமது முகாமிலும் ஒரு தவறு உண்டு. அதனையும் சொல்லியாகவேண்டும். ‘ஆக்கவுரிமை முழுவதுமே முதலாளித்துவச் சூழ்ச்சி; அதன் சொற்களை வாசித்துக்கொண்டிருப்பது காலவிரயம்’ என்று நண்பர் சிலர் புறங்கை வீசுகின்றனர். இது வீரம் போலத் தோன்றும் சோம்பல். நைற் தம் குறிப்புகளை எழுதிவைக்காதிருந்தால் ஆனன் வென்றிருப்பான். 1966இல் பழைய ஊற்றுமூடியை எவரும் தேடி எடுக்காதிருந்தால் அந்தப் பத்திரம் நிலைத்திருக்கும். எதிரி சொற்களால் வேலி கட்டும்போது, சொற்களை வாசிக்க மறுப்பவன் நிலத்தை விட்டுக்கொடுப்பவனாகின்றான். உடைமை உறவுகள் மாறவேண்டும் என்பதிலே நமக்கு ஐயமில்லை. அம்மாற்றம் வரும்வரை, தரவை தரவையாக இருக்கவேண்டும் என்று ஒவ்வொரு கதியாலின் அருகிலும் நின்று வாதாடுவதும் அப்போராட்டத்தின் ஒரு பகுதியே.

இது அயல்நாட்டு விவகாரம் மட்டுமன்று. இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டமும் ஆக்கவுரிமைக்கு இருபது ஆண்டு ஆயுள் தருகின்றது. புதுமையையும் கண்டுபிடிப்புப் படியையும் முன்னறிவை வைத்தே அளக்கின்றது. ‘புலமைச் சொத்து’ என்ற தொடரைக் கவனியுங்கள். புலமை எக்காலத்தில் ஒருவனுடைய சொத்தாக இருந்தது? ஆசிரியனிடமிருந்து மாணவனுக்கும், கம்மாலையிலே தந்தையிடமிருந்து மகனுக்கும், அடுப்படியிலே தாயிடமிருந்து மகளுக்கும் கொடுத்தும் குறையாது வந்தது அது. சொத்து என்ற சொல்லை அதன் முதுகில் ஏற்றியவுடனேயே வழக்கின் பாதி முடிந்துவிடுகின்றது.

நாம் கேட்பவை நியாயமானவை. உரிமைக்கூற்றுக்கு ஒரே வாசிப்பு வேண்டும். பழையதைத் தவிர்க்கச் சொன்ன பொருளே புதியவனைத் தாக்கும்போதும் செல்லவேண்டும். பத்திரம் பெறுவதற்காகக் கைவிட்ட நிலத்தை மீண்டும் வளைக்க விடக்கூடாது. பூட்டிவைத்த கண்டுபிடிப்பைப் பிறர் பயன்படுத்த அனுமதி கிடைக்கவேண்டும். பயன்படுத்தாமையைத் துஷ்பிரயோகத்துக்கு உதாரணமாகப் பாரிஸ் உடன்படிக்கையே கூறுகின்றது. எல்லாவற்றுக்கும் மேலாக, தொழிலாளியின் கையறிவு எழுத்தில் ஏறவேண்டும். தொழிற்சங்கங்களும் தொழில்நுட்பக் கல்லூரிகளும் பட்டறைகளிற் பிறக்கும் திருத்தங்களைத் திகதியிட்டு எழுதி, வரைந்து, பகிரங்கமாக வெளியிடவேண்டும். ஒருமுறை வெளியானது பின்னர் எவராலும் வளைக்கமுடியாத தரவையாகின்றது.

இந்த வேலையிலே ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் பங்குண்டு. சூத்திரத்தையும் உரையையும் பிரித்தறியக் கற்றவர்கள் நாம். உரைகாரன் எங்கே சொல்லை நீட்டுகின்றான், எங்கே சுருக்குகின்றான் என்று விரல்வைத்துக் காட்டும் பயிற்சி நம்மிடம் உண்டு. அப்பயிற்சியைப் பரீட்சை மண்டபத்தோடு நிறுத்திவிடாது, விடுமுறை நாளொன்றிலே பக்கத்துப் பட்டறைக்குக் கொப்பியும் பென்சிலும் கொண்டு செல்வோம். அங்கே நிற்கும் மனிதன் தன் பொறியில் எதனை மாற்றினான், ஏன் மாற்றினான் என்று கேட்டு எழுதுவோம். பெயரும் திகதியும் இட்டு அச்சேற்றுவோம். நாளை வேலி போட வருபவனுக்கு முன்னே அந்தப் பக்கம் பழைய உறுதியாக நிற்கட்டும்.